போர்ஷே 911 ஜிடி3: மேனுவலா, பிடிகேவா?

ஜிடி3 எனும் இந்த ஸ்போர்ட்ஸ் காரில் வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிடிகே எனும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 992 என்று போர்ஷே குறிக்கும் தலைமுறை ஜிடி3 அதில் 100 கிலோமீட்டர் வேகத்தை 3.4 விநாடியில் தொட்டுவிடுகிறது. ஆறு கியர் மேனுவலுக்கு 3.9 ஆகிறது. இரட்டை கிளட்ச் என்பதால் அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்கும், எந்தக் காலும் கையும் அதோடு போட்டி போட முடியாது.

ஆனால் எனக்கு மேனுவல்தான். 4 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, 9,000 ஆர்பிஎம் வரை கதறிக்கொண்டு ஏறும், அந்த ஏற்றத்தின் நடுவே கிளட்சை மிதித்து அடுத்த கியரைத் தள்ளுவதில் இருக்கும் சுகம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் சொடுக்குவதில் வராது (மலைப்பாதையில் யார் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்?). 2013-இல் வந்த ஜிடி3-யில் மேனுவலே கிடையாது, பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அப்புறம் 2016-இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் என்ற இன்னொரு 911 வந்தது, மொத்தமே 991 கார்கள். கிராக்கியில் மறுவிற்பனை விலை புதுக் காரின் விலையைத் தாண்டி எகிறியது. அடுத்த ஆண்டே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பிவிட்டது.

தினமும் நெரிசலில் ஆபீஸ் போகிறவரா? சரி, பிடிகேவே வாங்குங்கள், இடது கால் பிழைத்துப் போகட்டும்.