எர்த் ஃபால்ட்டைத் தேட மல்டிமீட்டரா, மெக்கரா?

இன்றைய சோலார் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை காலையில் உற்பத்தியைத் தொடங்குமுன் பேனல் வயர்களுக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்று பார்க்கும். குறைவாக இருந்தால், அதாவது வயரிலிருந்து எர்த்துக்குக் கசிவு (எர்த் ஃபால்ட்) இருந்தால், பிழை காட்டி நின்றுவிடும். மாடியில் எந்தப் பேனல், எந்த வயர் என்பதை நாம்தான் தேட வேண்டும். மல்டிமீட்டரை வைத்து எர்த்துக்கு வோல்டேஜ் பார்க்கலாம், இல்லை இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெக்கர் போடலாம். இரண்டும் இருந்தால் நான் முதலில் எடுப்பது மல்டிமீட்டரைத்தான்.

காரணம், அது இடத்தைச் சொல்லும். பத்துப் பேனலை வரிசையாக ஒன்றோடொன்று இணைத்த ஒரு ஸ்ட்ரிங்கை எடுத்துக்கொள்வோம். பேனலுக்கு 40 வோல்ட், மொத்தம் 400. இரு முனைகளையும் கழற்றித் தனியாக்கிவிட்டுப் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் அளந்தால் 280, நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் 120 என்று வருகிறது. இரண்டையும் கூட்டினால் 400, எண்களும் அசையாமல் நிற்கின்றன. அப்படியானால் கோளாறு நெகட்டிவ் முனையிலிருந்து மூன்று பேனல் தள்ளி, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். ஒரு பக்கம் பூஜ்யமும் மறுபக்கம் முழு 400-ம் வந்தால், பூஜ்யம் காட்டும் முனையிலிருந்து கீழே இறங்கும் கேபிளைச் சந்தேகிக்கலாம். நல்ல ஸ்ட்ரிங்கில் மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு மளமளவென்று பூஜ்யத்தை நோக்கி இறங்கிவிடும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் போதும், பேனலை ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலையே இல்லை.

ஆனால் கோளாறு அந்த நேரத்தில் இருந்தால்தான் இது பலிக்கும். பனி ஈரத்தில் காலையில் வந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும் கோளாறை நண்பகலில் மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது. ஒரே ஸ்ட்ரிங்கில் இரண்டு இடத்தில் கசிவு இருந்தால் கணக்கு தப்பான பேனலைக் காட்டும்.

மெக்கருக்கு வேலை அங்கேதான். அது தானே உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிப்பதால், பலவீனமாகி வரும் கேபிளையும் காட்டிக்கொடுக்கும். 400 வோல்ட் அளவிலான ஸ்ட்ரிங்குக்கு ஐஇசி 62446-1 என்ற சர்வதேசத் தரநிலை சொல்வது 500 வோல்ட் சோதனை, குறைந்தது 1 மெகா ஓம். ஆனால் எந்த இடம் என்பதை மெக்கர் சொல்லாது. ஸ்ட்ரிங்கைப் பாதியாகப் பிரித்து, மோசமான பாதியை மறுபடி பாதியாக்கி நெருங்க வேண்டும். முன்னேற்பாடும் அதிகம்: இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கக் கூடாது, திடீர் உயர் வோல்டேஜிலிருந்து காக்கும் சர்ஜ் அரெஸ்டரையும் கழற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அரெஸ்டரே கசிந்து நல்ல ஸ்ட்ரிங்கையும் கெட்டது என்று காட்டும். வெயிலில் ஸ்ட்ரிங்கின் சொந்த வோல்டேஜும் குறுக்கே வரும் என்பதால், சோலாருக்கென்றே வரும் மெக்கர்தான் சரி.

எந்த வழியானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்கவே முடியாது. இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டரை அணைத்து, வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகே பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் கை வைக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது பிரித்தால் டிசி ஆர்க் என்ற அணையாத தீப்பொறி கையைக் கருக்கிவிடும். எர்த் சரியில்லாத இடத்தில் பேனல் ஃபிரேமிலேயே வோல்டேஜ் நிற்கலாம், அதையும் முதலில் அளந்துவிடுங்கள். இதில் பயிற்சி இல்லாதவர் மீட்டரோடு மாடி ஏறவே வேண்டாம்.

அப்புறம், ஈரக் கோளாறுக்கு நான் சொல்லும் முறை: விடிந்து ஈரம் காயுமுன் மல்டிமீட்டரோடு மேலே போங்கள். எண் அசையாமல் நின்றால் இடம் கிடைத்துவிட்டது. நிற்காவிட்டால் மெக்கர். இடம் நெருங்கியதும் ஃபிரேமுக்கும் அதைத் தாங்கும் ரெயிலுக்கும் நடுவே நசுங்கிய வயர், தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கும் கனெக்டர், பேனலின் பின் ஷீட்டில் விரிசல், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பழுது பார்த்ததும் மறுபடி மெக்கர் போட்டு 1 மெகா ஓமுக்கு மேல் வருகிறதா என்று உறுதி செய்துவிட்டு இன்வெர்ட்டரை இணையுங்கள்.