மதுரைக்குள்ளேயா, மேலவளவிலா?

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சமூக நீதி முகாம். மதுரைக்குள்ளேயே வைக்கலாம் என்றார் நண்பர். என் மனசில் இருந்தது மேலூர்ப் பக்கம் மேலவளவு.

வசதிக்கு மதுரைதான், சந்தேகமில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஷேர் ஆட்டோ, சாப்பாட்டுக்குத் தெருவெல்லாம் கடை. காந்தி மியூசியத்தில் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி ரத்தக்கறையோடு இருக்கிறது. தலித்துகளுக்குத் தடை இருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள், 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயரோடு கக்கன் உள்ளிட்டோர் நுழைந்த கதையை அந்த வாசலிலேயே நின்று சொல்லலாம். ஆனால், போன தடவை கதை முடிவதற்குள் பாதிப் பேர் ஜிகர்தண்டா கடைக்குப் போய்விட்டார்கள்.

மேலவளவில் யாரும் நழுவ முடியாது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் போட்டியிட்டுத் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினார். தலித் ஒருவர் தலைவரானதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர், வழியில் பஸ்ஸை மறித்து அவரையும் அவரோடு இருந்த சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. இட ஒதுக்கீடு என்றாலே மார்க் கணக்குப் பேசும் பிள்ளைகள், ஒரு ஊராட்சி நாற்காலிக்கு என்ன விலை கேட்டார்கள் என்று அங்கே பார்க்கட்டும்.

சிக்கலும் உண்டு. தங்க இடம், கழிப்பறை எல்லாம் முன்கூட்டியே பேசி வைக்கணும். அதைவிட முக்கியம், துக்கம் நடந்த ஊருக்கு வேடிக்கை பார்க்கிற மாதிரி போகக் கூடாது. ஊர்க்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் போகணும். செல்ஃபி கூடவே கூடாது.

முதலாமாண்டுப் பிள்ளைகள் என்றால் மதுரையே போதும். எங்களுடையது மூன்றாமாண்டு. அதனால் மேலூர் பஸ்தான்.