கமோடோர் 64-ஐ ரிப்பேருக்கு அனுப்பும் முன் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்

பழைய கணினியை யாருக்கோ ரிப்பேருக்கு அனுப்பப் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? டேப் ஒட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கமோடோர் 64 என்ற வீட்டுக் கணினி வெளிவந்தது 1982-இல். என்னுடையது 1984-இல் தயாரானது; உள்ளே இருக்கும் சிப்புகளின் தேதி அப்படிச் சொல்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின், ஒரு நாள் அரை மணி நேரம் ஓடியதும் எழுத்துகள் கலைந்து அப்படியே நின்றுவிட்டது. அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடும். அப்போது எனக்குச் சாலிடரிங் அயர்னைத் தொடவே பயம். பழைய கணினிகளை மட்டுமே பார்ப்பவர் என்று பேரெடுத்த ஒருவருக்கு, பவர் சப்ளையோடு சேர்த்து அனுப்பிவைத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "பிஎல்ஏ சிப் போயிருக்கிறது, மூன்று ராம் சிப் போயிருக்கிறது. எல்லாம் மாற்றியாயிற்று, நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன்." (பிஎல்ஏ என்பது எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று தீர்மானிப்பது; ராம் என்பது தற்காலிக நினைவகம்.) நீலத் திரையில் '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்று, மெஷின் ஒழுங்காகக் கிளம்பினால் வரும் வரியோடு ஒரு படமும் வந்தது. கேட்ட தொகையைக் கொடுத்தேன். பவர் சப்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த மெஷின் ஓடத்தான் செய்தது. ஆனால் விளையாட்டுகளில் இசை எங்கோ ஓட்டை விழுந்தது போல் இருந்தது. மெட்டு வரும், கூடவே வரவேண்டிய தாளம் வராது. பழசு, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துத் திரை ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. எழுதிக் கேட்டால், "பழைய சாமானுக்கு யார் கேரண்டி கொடுப்பார்கள்?" என்றார். அடுத்த செய்திக்குப் பதிலே இல்லை.

கோபத்தில் நானே திறந்தேன். அடியில் மூன்றே ஸ்க்ரூதான். எட்டு ராம் சிப்புகளும் ஒரே கம்பெனி, ஒரே தேதி. போர்டின் பின்பக்கம் எந்தக் காலிலும் ஈயம் உருகிய அடையாளம் இல்லை, நாற்பது வருடப் பளபளப்பு அப்படியே இருக்கிறது. பிஎல்ஏ சிப்பின் மேலும் சாக்கெட்டின் மேலும் ஒரே தூசிப் படலம், விரல் பட்ட தடம்கூட இல்லை. ஆக, மாற்றியதாகச் சொன்ன நான்கில் ஒன்றையும் அவர் தொடவில்லை.

தொட்டது வேறொன்றை. இந்த மெஷினில் ஒலிக்கென்றே 6581 என்ற சிப் உண்டு, எல்லோரும் சிட் என்பார்கள். பாப் யான்ஸ் வடிவமைத்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல் எழுப்பும், ஒலியின் தன்மையை மாற்ற நிஜமான அனலாக் ஃபில்டரும் உண்டு. தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகின்றன. கணினி வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, இசைக்காரர்களும் தேடுகிறார்கள். போர்டில் இருப்பதிலேயே சுலபமாக விலைபோகக்கூடியது அதுதான். என் போர்டில் அது சாக்கெட்டில் வேறு இருந்தது, நெம்பினால் கையோடு வந்துவிடும்.

போன வருடம் கீபோர்டைச் சுத்தம் செய்தபோது, ஒயரை எங்கே மாட்ட வேண்டும் என்பது மறந்துவிடக் கூடாதே என்று ஒரு படம் எடுத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிட் மேல் 2284, அதாவது 1984-இன் 22-ஆம் வாரம். இப்போது சாக்கெட்டில் இருப்பதில் 3087. பஞ்சில் அசிட்டோன் தொட்டு அதன் முதுகைத் துடைத்தேன். கண்மை போலக் கறுப்பு இறங்கியது. எழுத்தும் அதோடு போய், அடியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள் மட்டும் பாக்கி. பாதி செத்த ஒரு சிப்பைச் சாயம் பூசி, புதிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறார்.

அப்படியானால் முதலில் வந்த கோளாறு? பவர் சப்ளைதான் என்று இப்போது அடித்துச் சொல்வேன். அதிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வரும். பெரும்பாலான டப்பாக்களுக்குள் பிசினை ஊற்றி அடைத்திருப்பார்கள். சூடு வெளியே போகாது, பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. உள்ளே வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் ஏறிவிடும், ராம் சிப்புகள் பலியாகும். அவர் தன்னுடைய நல்ல பவர் சப்ளையில் போட்டிருப்பார், மெஷின் ஒழுங்காக ஓடியிருக்கும். இல்லாத நோய்க்குப் பில் போட்டு, நோயை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் மல்டிமீட்டரை வைத்தபோது 6.3 வோல்ட் காட்டியது. ஏழு முனை பிளக்கில் 2-ஆம் முனைக்கும் 5-ஆம் முனைக்கும் நடுவே பாருங்கள். 5.2-க்கு மேல் காட்டினால் மெஷினில் செருகவே செருகாதீர்கள். இந்தச் சோதனைக்கு மூடியைக்கூடத் திறக்க வேண்டாம், அரை நிமிட வேலை. கோளாறைச் சொன்னதும் "பவர் சப்ளை எது, அளந்தீர்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்காத ரிப்பேர்காரரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. வேறு பவர் சப்ளை வாங்கி, திரையே வராத மெஷினையும் சோதிக்க உதவும் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜைச் செருகினேன். ராம் கெட்டிருந்தால் திரை மின்னி மின்னி அணையும். எத்தனை முறை மின்னுகிறதோ அது எந்த சிப் என்பதற்கான கணக்கு. நான்கு. எண்ணியது தப்போ என்று மூன்று தடவை அணைத்துப் போட்டேன். நான்கேதான். செத்த சிப்பை முழுசாகக் கழற்றப் போராடக் கூடாது, பதினாறு கால்களையும் வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக உருவ வேண்டும் என்பது போர்டின் செப்புத் தடம் ஒன்றைப் பிய்த்த பிறகுதான் புரிந்தது. பிய்ந்த இடத்தில் மெல்லிய ஒயர் ஒன்றைப் பற்றவைத்து, சாக்கெட் போட்டு, அதே ரகமான வேறொரு 4164 ராம் சிப்பைப் பொருத்த இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. சுவிட்சைப் போட்டதும் நீலத் திரை, 38911. அந்த எண்ணைப் பார்த்து இப்படிச் சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போலியைக் கழற்றிய சிட் சாக்கெட் இன்னும் காலிதான், மெஷின் ஊமையாக ஓடுகிறது. விற்பவர்களிடம் நான் கேட்பது இரண்டு: முதுகை அசிட்டோனால் துடைக்கும் வீடியோ, 54299 என்ற நினைவக முகவரியில் வரும் எண்கள். மூன்றாவது குரலை இரைச்சலில் வைத்து அந்த முகவரியைப் படித்தால், அந்தப் பகுதி நன்றாக இருக்கும் சிட் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணைத் தரும். இதுவரை நான்கு பேரைக் கேட்டிருக்கிறேன். மூன்று பேர் பதிலே போடவில்லை. நான்காமவர் ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டுகிறேன் என்றிருக்கிறார்.