பி.ஆர். கிடைத்த பிறகு ஊர் மாறலாமா? காரைக்குடியில் ஒரு விசா ஆலோசனை நிலையத்தின் சேவை பற்றி

ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்தின் பரிந்துரையாலோ, ஊர்ப்புறத்து முதலாளி ஒருவரின் ஆதரவாலோ நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) பெற்றவர்கள், அது கைக்கு வந்தபின் வேறு மாநிலத்துக்கோ பெருநகரத்துக்கோ குடிபெயரலாமா என்ற கேள்வி செட்டிநாட்டில் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கவலைப்படும் பெற்றோர் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் இருக்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்காகவே நாங்கள் காரைக்குடி நூறடிச் சாலைப் பக்கம் உள்ள ஓர் ஆலோசனை நிலையத்தை நாடினோம். குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே கிடைத்த ஆலோசனை முதல் தரமானது. அலுவலகத்தை நடத்தும் முறை அந்தத் தரத்துக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் நர்ஸ், மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் பரிந்துரையில் மகளுக்கு 491 என்ற தற்காலிக விசா கிடைத்து, இருவரும் மவுண்ட் கேம்பியர் என்ற ஊரில் குடியேறினார்கள். மூன்று ஆண்டுகள் விதிப்படி இருந்து, வரிக் கணக்குகளைக் காட்டி, 191 என்ற நிரந்தர விசாவையும் பெற்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தம்பி குடும்பம் பக்கத்து விக்டோரியா மாநிலத்து மெல்போர்னில் இருப்பதாலும், பேரனை அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க விரும்புவதாலும் இடம் மாறலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போதுதான் சம்பந்தி வீட்டில், "பி.ஆர். வந்து ரெண்டு வருஷம் அந்த ஊரிலேயே இருக்கணுமாம், இல்லாட்டி ரத்துப் பண்ணிருவாகளாம்" என்று யாரோ சொன்னதாகச் சொன்னார்கள். கேட்டதிலிருந்து மகளுக்கு உறக்கம் போயிற்று.

நிலையத்தின் தலைமை ஆலோசகர் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். இப்போது அடிலெய்டில் வசிக்கிறார். காரைக்குடி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவரோடு காணொளியில் பேச வேண்டும். அடிலெய்டுக்கும் நமக்கும் நான்கு மணி நேரம் வித்தியாசம், அங்கே கோடைக்காலக் கணக்கு வந்துவிட்டால் ஐந்து மணி. ஆகவே காலை நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நம் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவருடைய அலுவல் நேரம் முடிந்துவிடுகிறது. மகளும் மாப்பிள்ளையும் மவுண்ட் கேம்பியரிலிருந்து அதே அழைப்பில் சேர்ந்துகொண்டார்கள்.

நான் கேள்வியைத் தொடங்கியதுமே அவர் இடைமறித்து, "ஆச்சி, பி.ஆர். என்பதை விட்டுவிடுங்கள், விசா எண் என்ன, அதைச் சொல்லுங்கள்" என்றார். மகளிடம் விசா வழங்கப்பட்ட கடிதத்தைத் திரையில் காட்டச் சொன்னார். அதிலிருந்த எண்ணையும் வழங்கிய தேதியையும் தம் தாளில் எழுதிக்கொண்டார். அதோடு விடாமல், ஆஸ்திரேலிய உள்துறையின் 'வீவோ' என்ற இணையச் சேவையில் மகளையே உள்ளே போகச் செய்து, அங்கே விசாவின் நிலையும் நிபந்தனையும் என்னவென்று வாசிக்கச் சொன்னார். கட்டணம் இல்லாத அந்தச் சேவையில் எவரும் தம் விசாவின் உண்மை நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். 491-இல் 8579 என்ற நிபந்தனை இருந்தது. குறிப்பிட்ட ஊர்ப்புறப் பகுதிகளில்தான் வசிக்கவும் வேலை செய்யவும் படிக்கவும் வேண்டும் என்பது அதன் பொருள். 191-இல் அது இல்லை. மகள் அதைத் தன் கண்ணால் பார்த்துத் தன் வாயால் வாசித்தபோது ஏற்பட்ட தெளிவை வேறு எந்த விளக்கமும் கொடுத்திருக்க முடியாது.

அதன் பிறகுதான் அவர் விளக்கத்துக்கு வந்தார். பி.ஆர். என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு விசாக்கள் இருக்கின்றன; ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்துவதால்தான் குழப்பம் எல்லாம். சம்பந்தி வீட்டில் கேட்ட அந்த 'இரண்டு வருடம்' பொய்யன்று, அது 187 என்ற விசாவுக்கு உரியது என்றார். ஊர்ப்புற முதலாளி ஒருவர் பரிந்துரைக்க, நேரடியாக நிரந்தர உரிமை தந்த விசா அது. அதைப் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் அந்த வேலையில் சேர உண்மையாக முயலாவிட்டாலும், சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டுவிட்டு, அதில் நீடிக்க உண்மையாக முயன்றதைக் காட்ட முடியாவிட்டாலும், ஆஸ்திரேலியக் குடிவரவுச் சட்டத்தின் 137கியூ பிரிவின்படி விசாவை ரத்துச் செய்ய இடமுண்டு. முதலில் நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்பார்கள். ரத்தானால் குடும்பத்தாரின் விசாவும் சேர்ந்தே போகும். 2019 நவம்பர் 16 முதல் அந்த வழி, இடைக்கால ஏற்பாட்டுக்குள் வந்த சிலரைத் தவிரப் புதியவர்களுக்கு மூடப்பட்டு, அதன் இடத்தில் 494 என்ற ஐந்தாண்டுத் தற்காலிக விசா வந்தது. நம் பக்கத்திலிருந்து சமையல் வேலைக்குப் போன சிலர் அந்தப் பழைய விசாவில் போனவர்கள். அவர்கள் அனுபவித்த அச்சம் அப்படியே வாய்வழியாக இன்று 191 வாங்கியவர்களின் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இப்போதைய ஏற்பாட்டில் கட்டுப்பாட்டுக் காலம் முழுவதும் பி.ஆருக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. 491-லோ 494-லோ இருப்பவர் மூன்று ஆண்டுகள் விதிப்படி நடந்து, மூன்று வருமான ஆண்டுகளுக்கான வரித் துறைக் கணிப்பைக் காட்டினால் 191-க்கு விண்ணப்பிக்கலாம். 2022 நவம்பர் முதல் இந்த விசா நடைமுறையில் இருக்கிறது. நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது வணிகம் செய்ய, போனபோது, சம்பளச்சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போவார்கள். கணக்கு முடித்தவரை யாரும் பிடித்து வைக்க முடியாது. 491-க்கும் 191-க்கும் உள்ள உறவு எனக்கு அப்படித்தான் விளங்கியது.

ஆனால் தேதி விஷயத்தில் ஆலோசகர் மிகக் கறாராக இருந்தார். 191 வழங்கப்பட்ட நாளுக்கு முந்தைய நாள்வரை 8579 உயிரோடு இருக்கிறது. விண்ணப்பம் போட்டாயிற்று, இனி என்ன என்று நினைத்து மெல்போர்னில் வாடகைக்கு வீடு எடுத்து, வேலையில் சேர்ந்து, பிள்ளையையும் பள்ளியில் சேர்த்துவிட்டால், அது நேரடியான நிபந்தனை மீறல். கிடைக்க வேண்டிய 191-ஐயே அது கெடுக்கும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகர்ப் பகுதிகளைத் தவிர மற்றவை எல்லாம் இந்தக் கணக்கில் ஊர்ப்புறம்தான். அடிலெய்டு, பெர்த், கான்பெர்ரா, ஹோபார்ட் போன்ற தலைநகரங்களும் அதில் அடங்கும். ஆகவே 491 இருக்கும்போதே ஒருவர் மவுண்ட் கேம்பியரிலிருந்து, விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங்குக்கு மாறினால் விசா நிபந்தனை மீறப்படுவதில்லை. முகவரி மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஜீலாங்கிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் மெல்போர்னுக்குள் குடிபோனால் மீறல். இந்த நுட்பத்தை வரைபடத்தை விரித்து வைத்துக் காட்டினார். பரிந்துரைத்த மாநிலத்துக்குக் கொடுத்த வாக்கு தனி என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

அந்த 'வாக்கு' பற்றி அவர் பேசியதுதான் இந்தச் சேவையின் மீது எனக்கு மதிப்பு வரச் செய்தது. என் அண்ணன் மகன் விக்டோரியாவின் பரிந்துரையில் 190 விசா வாங்கியவன். வேறு மாநிலத்திலுள்ள பெர்த்தில் நல்ல வேலை கிடைத்ததால் அவனும் மாற நினைக்கிறான். அவன் சம்மதத்தோடு அதையும் கேட்டேன். 190 தொடக்கத்திலிருந்தே நிரந்தர விசா. இன்ன மாநிலத்தில்தான் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த விசாவில் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு அங்கே வசித்து வேலை செய்வேன் என்று மாநில அரசிடம் உறுதி கொடுத்துத்தான் அவன் பரிந்துரை வாங்கினான். "சட்டப்படி உங்கள் மாமா மகன் நாளைக்கே கிளம்பலாம். ஆனால் எழுதிக் கொடுத்ததை அவர் மறந்துவிடக் கூடாது. முதலில் மாநில அலுவலகத்துக்கு ஏன் போகிறேன் என்று எழுதட்டும், அங்கே தேடியும் வேலை கிடைக்காததற்குச் சான்று இருந்தால் இணைக்கட்டும், பதில் வரும்வரை பொறுக்கட்டும்" என்று மகளிடம் சொன்னார். விண்ணப்பிக்கும்போதே அங்கே இருக்கும் எண்ணம் இல்லாமல் பொய்யாக உறுதி கொடுத்திருந்தால், தவறான தகவல் தந்தார் என்ற வேறு பிரிவில் சிக்கல் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. சட்டம் எது, வாக்கு எது, ஊர்ப்பேச்சு எது என்று மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் ஆலோசகர் கிடைப்பது அரிது. 'ஒன்றும் ஆகாது, போகச் சொல்லுங்கள்' என்று காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கவும் அவரால் முடியும்.

விசாவுக்கு அப்பாலும் ஒரு விஷயத்தை அவரே எடுத்துச் சொன்னார். நர்ஸ்களின் பதிவு 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதால் மகளுக்குத் தடை இல்லை. மாப்பிள்ளையின் மின் பணி உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விக்டோரியாவில் நிரந்தரமாகக் குடியேறி வேலை செய்ய, பரஸ்பர அங்கீகார ஏற்பாட்டின் கீழ் அந்த மாநில உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டை மாற்றிய பிறகு இதைத் தெரிந்துகொண்டிருந்தால் மாப்பிள்ளை சில காலம் சம்பளம் இல்லாமல் உட்கார நேர்ந்திருக்கும். ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் மாற்ற வேண்டியவையே. குடியுரிமைக்கான நான்கு ஆண்டுக் கணக்கு ஊர் மாறுவதால் அறுபடாது. 491-இல் இருந்த காலமும் அதில் சேரும், கடைசிப் பன்னிரண்டு மாதம் பி.ஆராக இருந்திருக்க வேண்டும், நாட்டுக்கு வெளியே கழித்த நாட்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

இனி குறைகள். ஆலோசகர் திரைக்கு வருவதற்கு முன், வரவேற்பில் இருந்த இளைஞர் எங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு, "மூணு மாசம் கழிச்சுப் போறதுதான் சேஃப்" என்று உறுதியாகச் சொன்னார். அந்த மூன்று மாதத்துக்கு எந்த விதியிலும் ஆதாரம் இல்லை என்று ஆலோசகரே பிறகு தெளிவுபடுத்தினார். நாங்கள் காத்திருந்து ஆலோசகரிடம் பேசினோம். வரவேற்பிலேயே பதில் கிடைத்துவிட்டது என்று திரும்பிப் போகும் குடும்பங்களும் இருக்கும் அல்லவா? பதிவு பெறாத ஊழியர் விசா பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்பதை நிலையம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

கட்டண விஷயத்தில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஆலோசனைக்கான தொகையை முன்கூட்டியே சொன்னார்கள். அதில் குறை இல்லை. பேச்சு முடிந்ததும் 'மாநில மாற்ற உதவி' என்று ஒரு தனித் தொகுப்பை எடுத்து வைத்தார்கள். அதில் இருந்தவை மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் முகவரி மாற்றம், வரித் துறையில் முகவரி மாற்றம், உள்துறைக் கணக்கில் தொடர்பு விவரங்களைப் புதுப்பித்தல் ஆகியவை. இவை எல்லாம் அவரவரே இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளக் கூடியவை. மகள் மறுத்துவிட்டாள், ஆங்கிலப் படிவம் என்றாலே அஞ்சும் பெற்றோர் பணம் கட்டிவிடுவார்கள். ஆலோசனையின் சுருக்கத்தை எழுத்தில் தருவதாகச் சொன்னவர்கள், பலமுறை நினைவூட்டிய பிறகே மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். கேட்பவர் பெரும்பாலும் தமிழ் வாசிக்கும் பெற்றோர் என்கிறபோது, ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு தருவது பெரிய வேலையாக இராது.

போக நினைப்பவர்கள் முதலில் ஆலோசகரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆஸ்திரேலியக் குடிவரவு முகவர் பதிவாணையம் தரும் ஏழு இலக்க எண் அது. ஆணையத்தின் இணையப் பட்டியலில் அந்த எண்ணைப் போட்டுப் பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். பதிவு பெற்ற முகவர் கட்டணத்தையும் பணியையும் எழுத்து ஒப்பந்தமாகவே தர வேண்டும். இந்த நிலையத்தில் எண் சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்தது, சரிபார்த்தபோது பொருந்தியது. விசா வழங்கப்பட்ட கடிதத்தின் நகல், பழைய தற்காலிக விசாவின் கடிதம், மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி, முதலாளி ஆதரவில் போனவர்களானால் வேலையில் சேர்ந்த தேதிக்கான சான்று ஆகியவற்றைப் பிள்ளைகளிடமிருந்து முன்பே வாங்கி வைத்துக்கொண்டு போனால் ஒரே அமர்வில் முடிந்துவிடும். 191 கையில் இருந்து, ஊர் மாறலாமா என்ற ஒரு சந்தேகம் மட்டும் உள்ளவர்களுக்கு வீவோவே போதும், ஆலோசனைக் கட்டணம் மிச்சம். 187, 190 வைத்திருப்பவர்களும், 191 இன்னும் வராமல் 491-லோ 494-லோ இருப்பவர்களும் அவசியம் பேசிவிட்டுப் பெட்டி கட்டுவது நல்லது. அவர்களுக்கு இந்த ஆலோசகரைத் தயங்காமல் சொல்வேன், வரவேற்பில் கிடைக்கும் பதிலைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற ஒரே எச்சரிக்கையுடன்.