எட்டு மணி நேர வாடகைக் காரும் இரண்டு பேரப்பிள்ளைகளும்

விடுமுறைக்கு வந்த மகள் வயிற்றுப் பிள்ளைகள் இருவரையும் கோயிலுக்கு அழைத்துப் போகக் கும்பகோணத்தில் ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுத்தேன். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், ரூ.2,800. காலையில் சுவாமிமலை, மாலையில் தாராசுரம். கூட்டிப் பார்த்தால் வண்டி 30 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பெரியவர்கள் மட்டும் என்றால் டவுன் பஸ்ஸே போதும். ஏழு வயதுப் பையனும் நான்கு வயதுப் பெண்ணும் உடன் வந்தால் கணக்கு வேறு.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டி எட்டே முக்காலுக்கு வந்தது. உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்துகிற கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு முக்கால் மணி நேரம் பெரிய நஷ்டம். பின்னிருக்கையில் ஒரு பெல்ட் மாட்டவே இல்லை. குழந்தைகள் வருவதை முதல் நாளே சொல்லியிருந்தேன். இறங்கும்போது ஓட்டுநர் படி என்று தனியாக ரூ.300. பதிவு செய்யும்போது அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கார் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டதற்கு, “எல்லாரும் கொடுப்பதுதானே அம்மா” என்றார்கள். கொடுத்தேன், மனமில்லாமல்.

ஆனால் ஓட்டுநர் தங்கமான மனிதர்.

சுவாமிமலையில் 60 படிகள், தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் ஒவ்வொன்றாக. முழங்கால் வலியால் இரண்டு வருடமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. கீழே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். பையன் விடவில்லை, தன் ஆண்டு எது என்று கேட்டான். அவன் 2018 ஆவணியில் பிறந்தவன். விளம்பி, அறுபதில் 32ஆவது. சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கே உறைத்தது: நான் பிறந்த 1958உம் விளம்பிதான். ஒரு முழுச் சுற்று. “அப்படியானால் நீயும் நானும் ஒரே படி, அம்மாச்சி” என்று ஏறிப் போய் அங்கே நின்றுகொண்டான். நான் வரும் வரை நகர மாட்டானாம். பிறகு எப்படி உட்கார்வது? கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். ஓட்டுநர் சின்னவளைத் தூக்கிக்கொண்டு எனக்கு ஒரு படி பின்னாலேயே வந்தார். அது அவர் வேலையில்லை.

பிள்ளை தகப்பனுக்கு உபதேசம் செய்த தலம் இது, சிவன் காது கொடுத்துக் கேட்டார் என்று ஏறும்போதே கதை சொல்லியிருந்தேன். சந்நிதியில் தீபாராதனை நேரத்தில் சின்னவள் என் கழுத்தை வளைத்து, காதில் வாயை வைத்தாள். ஒன்றுக்குப் போக வேண்டுமாம்! அவசர உபதேசம். தெரிந்த டிபன் கடையின் பின்கட்டுக்கு ஓட்டுநர் வழி காட்டினார். கழிப்பறை சுத்தமாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது, வழக்கமாக முருகனிடம் நான் நீட்டுகிற கோரிக்கைப் பட்டியலில் ஒன்றைக்கூட அன்று வாசிக்கவில்லை. திரும்பப் போய்க் கேட்கவும் தோன்றவில்லை.

நண்பகல் சாப்பாடு வீட்டில். நாலு மணிக்குத் தாராசுரம், இரண்டாம் இராசராசன் கட்டியது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு? தட்டினால் ஒலிக்கும் படிகள் கம்பி வேலிக்குள் இருந்ததில் சின்னவளுக்குக் கோபம். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தில்தான் சமாதானமானாள். ஓட்டுநர் கல்லைத் தொடாமல் உள்ளங்கையால் ஒரு பக்கத்தை மறைத்தார்: காளை. மறுபக்கத்தை மறைத்தார்: யானை. பத்துப் பதினைந்து முறையாவது மறைக்கச் சொல்லியிருப்பாள், முகம் சுளிக்கவில்லை. குதிரை பூட்டிய கல் தேரைப் பார்த்ததும், “இந்த வண்டிக்கு டிரைவர் எங்கே?” என்று அவரிடமே கேட்டாள். “காபி குடிக்கப் போயிருக்கிறார்” என்றார்.

கைக்குழந்தை, சிறு பிள்ளைகள், முட்டி வலிக்காரர்கள் உள்ள வீட்டார் தாராளமாக எடுக்கலாம்; பெல்ட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, படிக்காசையும் முன்பே பேசிவிட்டு ஏறுங்கள். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கார் அலுவலகத்துக்கு மட்டும் என்றால் இரண்டு.

வீட்டு வாசலில் இறங்கும்போது இருவரும் தூங்கிப் போயிருந்தார்கள். சின்னவளின் செருப்பு ஒன்று இருக்கைக்கு அடியில் தங்கிவிட்டது. மறுநாள் காலை ஓட்டுநர் அதைக் கொடுக்கவென்றே சைக்கிளில் வந்தார். திண்ணையில் உட்கார வைத்து டபராவில் காபி கொடுத்தேன். தேருக்கு ஆள் வந்துவிட்டாரா என்று சின்னவள் விசாரித்தாள்.