மாந்தோப்புக் காவலுக்கு நானே செய்துகொண்ட தொங்கு படுக்கை: ஒரு பருவம் படுத்துப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

காவேரிப்பட்டினத்துக்கு அருகில் எங்களுக்கு இருக்கும் மூன்று ஏக்கர் மாந்தோப்பில், செந்தூரா முற்றத் தொடங்கும் சித்திரையிலிருந்து பெங்களூராவும் நீலமும் பறித்து முடியும் ஆனி வரைக்கும் இரவில் யாராவது ஒருவர் தங்கியே ஆக வேண்டும். அப்பா காலம் முதல் அதற்கென ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. சென்ற ஆண்டு அதன் காலைப் பற்றிக்கொண்டு ஒரு தேள் தலையணை வரை ஏறி வந்ததைப் பார்த்த பிறகு, தரையோடு தொடர்பே இல்லாத படுக்கை ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ஹேமக் என்ற பெயரில் ஆயத்தமாக விற்கும் தொங்கு படுக்கை ஒன்றை முதலில் வாங்கினேன். அது சரிப்படாததால் துணி எடுத்து, கிருஷ்ணகிரியில் தைக்கக் கொடுத்து, கயிறும் பட்டையும் தேடி, நானே ஒன்றைச் செய்துகொண்டேன். ஏறத்தாழ அறுபது இரவுகள் அதில் தூங்கியாயிற்று. வாங்கியது, தைத்த கடை, செய்த படுக்கை ஆகிய மூன்றையும் பற்றி இங்கே எழுதுகிறேன்.

வாங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இணையத்தில் 1,100 ரூபாய்க்கு வந்த அந்தப் படுக்கையின் நீளம் 9 அடி. 5 அடி 8 அங்குல உயரம் உள்ள நான் அதில் படுத்தால் உடம்பு வில்லாக வளைந்து, முழங்கால் மூட்டு பின்பக்கம் மடங்குவதுபோல் வலித்தது. அரை மணி நேரம் சாய்ந்து பேப்பர் படிக்க அது போதும். இரவு முழுவதும் தூங்குவதற்கு உதவாது. தொங்கு படுக்கையில் நேர்நீளமாகப் படுக்கக் கூடாது என்பதும், தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு ஏறக்குறைய சமமாகும் என்பதும், அப்படிப் படுக்கத் துணியின் நீளம் ஆளின் உயரத்தைவிட ஐந்தடியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. அந்தக் கணக்கில் எனக்கு வேண்டியது 11 அடி.

துணியில் முதலில் காடாத்துணியைத்தான் நினைத்தேன். உடம்புக்கு இதமானது, காற்றோட்டம் உள்ளது, எங்கும் கிடைப்பது. ஆனால் விடியற்காலைப் பனியில் நனைந்தால் மதியம் வரை உலராது. நனைந்தபடி சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழுந்து இழை இற்றுப் போகும். பழைய புடவையில் குழந்தைக்குத் தூளி கட்டலாம், எழுபது கிலோ ஆளுக்குக் கட்ட முடியாது. எனவே பாராசூட் துணி என்று கடைக்காரர்கள் சொல்லும் நைலானையே எடுப்பது என்று முடிவு செய்தேன். அதிலும் குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த இழை ஓடிச் சிறு கட்டங்களாகத் தெரியும் வகை நல்லது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தைத் தாண்டி எளிதில் ஓடாது. கிருஷ்ணகிரியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் மழைக்கோட்டுக்கான மெல்லிய ரகம்தான் இருந்தது. சொந்த வேலையாகப் பெங்களூரு சென்ற மைத்துனர் சிக்பேட்டையில் மீட்டர் 140 ரூபாய் வீதம் 4 மீட்டர் வாங்கி வந்தார். அகலம் 58 அங்குலம். நைலானில் ஒரு குறை உண்டு: ஈரம் பட்டால் சற்று நீளும், பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. மழைக்காலத்தில் படுக்க நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும்.

தைக்கக் கொடுத்தது பழையபேட்டைப் பக்கம் உள்ள ஒரு சிறிய தையல் கடையில். பைகளும் தலையணை உறைகளும் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆள் படுக்கிற தூளியா? கழுதைப் பொதி மாதிரி இல்ல இருக்கு" என்று சிரித்தார். ஆனால் வேலையைப் புரிந்துகொள்வதில் அவருக்கு இணையில்லை. நீளப் பக்கங்கள் இரண்டையும் அரை அங்குலத்துக்கு இரட்டை மடிப்பாக மடித்து அடிக்க வேண்டும், முனைகள் இரண்டிலும் கயிறு போக ஒன்றரை அங்குல வழி விட வேண்டும் என்று நான் படம் வரைந்து காட்டத் தொடங்கியதும், பாவாடைக்கு நாடா கோர்க்க விடுவதுபோலத்தானே என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த முனை மடிப்புக்கு மூன்று வரிசைத் தையல் போடச் சொன்னேன். படுப்பவரின் எடை முழுவதையும் தாங்குவது அந்த இடம்தான் என்பதால் அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

முதல் முறை ஒரு பிழை நேர்ந்தது. பருத்தி நூலில், மிக நெருக்கமான தையலாக அடித்திருந்தார். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் துணிக்கு முன்னதாகவே இற்றுவிடும். நெருக்கமான தையலோ அஞ்சல்தலை விளிம்பைப்போல வரிசையாகத் துளை போட்டு, நைலான் அந்தக் கோட்டிலேயே கிழிவதற்கு வழி செய்துவிடும். எடுத்துச் சொன்னதும் முகம் சுளிக்காமல் பிரித்து, பாலியெஸ்டர் நூலில், சற்று நீளமான தையலாக மறுபடியும் அடித்துக் கொடுத்தார். அதற்குத் தனிக் கூலி வாங்கவில்லை. மொத்தக் கூலி 180 ரூபாய். இரண்டு நாள் என்று சொன்ன வேலைக்கு ஐந்து நாள் ஆயிற்று. திருமணப் பருவத்தில் ரவிக்கைகள் குவிந்து கிடக்கும் கடையில் அதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை. வேலைத் தரத்துக்கு முழு மதிப்பெண்ணும் சொன்ன நாளுக்கு முடிப்பதில் பாதி மதிப்பெண்ணும் தரலாம்.

அடுத்தது கயிறு. படுக்கையைத் தீர்மானிப்பது துணி என்றே நான் நம்பியிருந்தேன். மூன்று இரவுகள் போதுமாக இருந்தன, அந்த நம்பிக்கை போக. கடையில் வாங்கிய நைலான் கயிற்றில் கட்டி, ஒன்றரை அடி உயரத்தில் படுத்தேன். கயிறு இரவெல்லாம் மெல்ல மெல்ல நீண்டு, விடியும்போது இடுப்பு தரையில் உரசிக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயிறு அந்த அளவு நீளவில்லை என்றாலும், முடிச்சு வழுக்கியது. வெயிலில் கிடந்தால் அது நாரு நாராக உதிரும் என்பதைக் கிணற்றடியில் பல முறை பார்த்திருக்கிறேன். தேங்காய் நார்க் கயிறு முடிச்சைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மழையில் உளுத்துவிடும். இறுதியில் கைகொடுத்தது, தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி சாமான் விற்கும் கடையில் கிடைத்த பாலியெஸ்டர் பட்டை. பாரத்தை இறுக்கிக் கட்டுவதற்காகச் செய்யப்படுவதால் அது அதிகம் நீளாது. அகலமாக இருப்பதால் மரப்பட்டையிலும் வெட்டுக்காயம் போடாது. இரண்டு பட்டைகள் 440 ரூபாய். ஒவ்வொன்றின் ஒரு முனையில் மட்டும் கண்ணி வைத்து, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்துத் தர, தார்ப்பாய் தைக்கும் கடையில் 40 ரூபாய் ஆயிற்று. பட்டையை மரத்தில் சுற்றிக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்துவிட்டு, மறு முனையைத் துணியின் கயிற்று வளையத்தில் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டுவிடுகிறேன். அந்த வளையத்துக்கு 6 மில்லிமீட்டர் பின்னல் கயிறு 60 ரூபாய்க்கு வாங்கினேன்.

பட்டை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அதைக் கட்டும் சாய்வு தவறினால் பயனில்லை. தொங்கு படுக்கையைக் கொடிக் கயிறுபோல விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் சமமாகப் படுக்கலாம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும். உண்மை நேர் எதிரானது. என் எடை 72 கிலோ. பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்து இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் தாங்குவது அதே 72 கிலோ. 10 பாகை சாய்வில் அது 207 கிலோ ஆகிவிடும். 5 பாகையில் 413 கிலோ. விறைப்பாகக் கட்டிய படுக்கையில் தையல் பிரிவதும் முடிச்சு இறுகிக் கல்லாவதும் இதனால்தான். 30 பாகையைக் கண்ணால் மதிப்பிட முடியாதவர்கள், பிள்ளைகளின் வடிவியல் பெட்டியில் இருக்கும் 30, 60 பாகை மூலைமட்டத்தைப் பட்டையோடு வைத்துப் பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்; தன் மூலைமட்டத்தைக் காணவில்லை என்று மகள் இரண்டு நாள் தேடினாள்.

மரத்துக்கு மரம் இடைவெளி மாறினாலும் துணியின் தொய்வு மாறாமல் இருக்க, படுக்கையின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு கயிறு ஓட விட வேண்டும். அதன் நீளம் துணியின் நீளத்தில் 83 விழுக்காடு என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 11 அடித் துணிக்கு அது 9 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். என் முதுகுக்கும் அந்த அளவே பொருந்தியது. கொசுவலையைத் தொங்கவிடவும் டார்ச் விளக்கை மாட்டவும் அதே கயிறு உதவுகிறது.

எங்கள் தோப்பில் இடம் பார்ப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினமாயிற்று. பழைய முறையில் நட்ட மரங்கள் என்பதால் இடைவெளி 30 அடிக்கு மேல். அவ்வளவு தூரத்தில் 30 பாகைச் சாய்வு வர வேண்டுமானால் பட்டையைப் பத்தடி உயரத்தில், ஏணி வைத்துக் கட்ட வேண்டும். எனவே ஒரு மாமரத்துக்கும் வேலியில் நின்ற கல்தூணுக்கும் நடுவே கட்டினேன். நான் செய்த பெரிய மடமை அது. நம் மாவட்டத்துக் கருங்கல் மேலிருந்து அமுக்கும் பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. 72 கிலோ ஆள் 30 பாகையில் படுத்தால் தூணின் தலையைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை மட்டும் 62 கிலோ. இரண்டாம் நாள் இரவு தூண் தரைமட்டத்தில் முறிந்து படுக்கையின் பக்கமாகவே சாய்ந்தது. அது கால்மாட்டுத் தூண் என்பதால் முழங்காலில் சிராய்ப்போடு தப்பினேன். இப்போது வரப்போரப் புளியமரத்துக்கும் அதற்கு 14 அடி தள்ளி நிற்கும் மாமரத்துக்கும் நடுவே, பட்டையை ஐந்தடி உயரத்தில் கட்டுகிறேன். படுத்தால் தரையிலிருந்து ஒன்றரை அடி. அதற்கு மேல் உயர்த்துவதில்லை. முருங்கையில் கட்டக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. தென்னைக்கு அடியிலும் கூடாது, காரணம் தலைக்கு மேலேயே தொங்குகிறது. புதிதாகக் கட்டிய பிறகு 45 கிலோ யூரியா மூட்டைகள் இரண்டை ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறிப் படுத்தேன்.

தேளிடமிருந்து தப்பியவனை முசுறு பிடித்துக்கொண்டது. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்புக்குப் பட்டை ஒரு பாலம். பட்டையின் இரு பக்கமும் வேப்பெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிய பிறகு வரத்து வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. கொசு மேலே வலையைத் தாண்டாவிட்டாலும், முதுகோடு ஒட்டிய மெல்லிய துணி வழியாகக் கீழிருந்து கடிக்கிறது. அடியில் ஒரு போர்வையை விரித்துப் படுப்பதே அதற்கு வழி. கோடை மழை இரண்டு முறை பிடித்தது. மேலே தார்ப்பாய் இருந்தும், மரத்திலிருந்து பட்டை வழியாக நீர் வழிந்து துணிக்குள் இறங்கியது. பட்டையில் துணிக்குச் சற்று முன்னால் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடுகிறது. சித்திரை வெக்கையில் முதுகுக்குக் கீழே காற்று ஓடுவது கட்டிலில் கிடைக்காத சுகம். அதே காற்று மார்கழியில் எதிரியாகும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிரில் படுக்க எண்ணுபவர்கள் துணிக்கு வெளியே, அடிப்பக்கம் தளர்வாக ஒரு கம்பளியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். உடம்புக்கு அடியில் அமுங்கிய கம்பளி சூட்டைக் காக்காது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் யானை நடமாட்டம் உண்டு என்பதால், அங்கே வெட்டவெளியில் இப்படிப் படுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

துணி 560, தையல் 180, பட்டை 440, கண்ணித் தையல் 40, கயிறு 60 என்று மொத்தம் 1,280 ரூபாய் ஆயிற்று. வாங்கிய படுக்கையைவிட 180 ரூபாய் கூடுதல், வீணான நைலான் கயிறும் முறிந்த கல்தூணும் இந்தக் கணக்கில் வரவில்லை. பணம் மிச்சமாகும் என்று எண்ணி யாரும் இதில் இறங்க வேண்டாம். தன் உயரத்துக்கு ஏற்ற அளவில் கிடைக்கும் என்பதற்காக இறங்கலாம். இடுப்பு வலி உள்ளவர்கள் இதிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். என் அப்பா ஒரே ஒரு முறை படுத்துப் பார்த்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலுக்கே திரும்பிவிட்டார்.

அறுபது இரவுக்குப் பிறகு தலைமாட்டு மடிப்பில் உள்வரிசைத் தையல் ஓரிடத்தில் இரண்டு அங்குலத்துக்கு இழுபட்டிருக்கிறது. மற்ற இரண்டு வரிசைகளும் உறுதியாக இருக்கின்றன. பெரியவரிடம் காட்டினேன். அந்த இடத்தில் நாடாப் பட்டி ஒன்று வைத்து அடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு நாளில் தருகிறாராம்.