அணுக்குடையா, ஐந்து நாட்டு ஏற்பாடா?

பிப்ரவரி 15, மாலை 6.20. புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் இருக்கும்போது சைரன் ஒலிக்கும். 1942இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த நேரம் அது. பாட்டி தே தாரே குவளையைக் கீழே வைத்துவிடுவார். காப்பாற்றுவதாகச் சொன்னவர்கள் கைவிட்டதைக் கண்டவர் அவர்.

காப்பாற்றுவோம் என்ற வாக்குறுதி இன்று எப்படி இருக்கிறது? தென்கொரியா 1953 முதல் அமெரிக்காவின் தற்காப்பு ஒப்பந்த நாடு. அங்கிருந்த அமெரிக்க அணு ஆயுதங்கள் 1991இல் அகற்றப்பட்டன. ஆனாலும் தேவைப்பட்டால் தன் அணு ஆயுதங்களாலும் காப்பேன் என்ற அமெரிக்காவின் ‘அணுக்குடை’ வாக்குறுதி நிற்கிறது. ஆனால் தென்கொரியத் தலைநகர் சோல் நகரைக் காக்க அமெரிக்கா தன் நகரங்களைப் பணயம் வைக்குமா? அந்தச் சந்தேகத்தைத் தணிக்கத்தான் 2023இல் இரு நாடுகளும் அணு ஆலோசனைக் குழு அமைத்தன.

நம்முடையது வேறு. 1971இன் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர். மலேசியா அல்லது சிங்கப்பூர் மீது தாக்குதல் வந்தால் உடனே கலந்து பேசுவார்கள், அவ்வளவுதான். போரில் இறங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அணுகுண்டுப் பேச்சே இல்லை. 1995 ஒப்பந்தப்படி தென்கிழக்காசியா அணு ஆயுதமற்ற வட்டாரம்.

சரி, எது மேல்? வடகொரியாவைப் பக்கத்தில் வைத்திருக்கும் சோலுக்குக் குடை வேண்டும், அதை நான் குறை சொல்லமாட்டேன். நமக்கு இந்தத் தளர்ந்த ஏற்பாடே நல்லது என்று நம்புகிறேன். அது நம்மைத் தூங்கவிடாது. 1967 முதல் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணி இருக்கிறது. என் மகனின் பூட்ஸ் இப்போதும் வாசலில் காய்கிறது.